பூட்டியே கிடக்கும் ஆறாம் ஆய்வகத்துக்குக் கிடைத்த விருது

அனுப்புநர்
பொறுப்பாளர், மூன்றாம் ஆய்வகம்,
உதவிப் பேராசிரியர், வேதியியல் துறை,
பழைய கட்டடம், முதல் தளம்
(படியேறியதும் இடப்புறம், வாடை வரும் கதவு).

பெறுநர்
துணைப் பதிவாளர் அவர்கள்,
நிதி, விருது மற்றும் கோடைப் பயிற்சிப் பிரிவு,
பல்கலைக்கழகப் பதிவாளர் அலுவலகம்.

பொருள்: இவ்வாண்டின் ‘விபத்தில்லா ஆய்வகம்’ விருது ஆறாம் ஆய்வகத்துக்கு வழங்கப்பட்டதை ரத்து செய்யக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் அலுவலகச் சுற்றறிக்கை, சென்ற மாதம் இரண்டாம் வாரம். (எண் இருக்கும் மூலையில் தேநீர்க் கறை. எண்ணைப் படிக்க முடியவில்லை.)

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் வேதியியல் துறையில் பதினேழு ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். இதுவரை எவர் மீதும் புகார் எழுதியதில்லை. பழக்கம் இல்லாததால், மனுப் படிவம் வாங்க வந்தபோது ஓய்வூதியர் வரிசையில் இருபது நிமிடம் நின்றுவிட்டேன். வரிசையில் இருந்த ஒருவர்கூட என்னைப் பார்த்து, ‘நீங்கள் இந்த வரிசை இல்லையே’ என்று சொல்லாதது மனதை உறுத்தியது. அது தனி விஷயம். இந்த மனுவில் அதற்கு நிவாரணம் கோரவில்லை.

2. எங்கள் துறையில் எட்டு ஆய்வகங்கள் உண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு விபத்துப் பதிவேடு உண்டு. ஆண்டுத் தொடக்கத்தில் எல்லா ஆய்வகத்துக்கும் நூறு மதிப்பெண். பதிவேட்டில் விழும் ஒவ்வொரு பதிவுக்கும் ஒன்று குறையும். ஆண்டு முடிவில் அதிக மதிப்பெண் பெற்ற ஆய்வகத்துக்கு விருதுப் பலகை, கண்ணாடிக் கருவிகள் வாங்க நிதி, எட்டு வாரக் கோடை ஆராய்ச்சிப் பயிற்சிக்கு உதவித்தொகையுடன் ஒரு மாணவர் இடம் ஆகியவை கிடைக்கும். பலகையும் கருவிகளும் எப்படியோ போகட்டும். இந்த மனு அந்த மாணவர் இடத்தைப் பற்றியது.

3. இவ்வாண்டு நூற்றுக்கு நூறு பெற்றது ஆறாம் ஆய்வகம். அந்த ஆய்வகம் பூட்டப்பட்டு மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அதன் பொறுப்பாளரான பேராசிரியர் வெளிநாட்டு ஆய்வு நல்கை பெற்றுச் சென்றபோது சாவியையும் சட்டைப் பையில் கொண்டுபோய்விட்டார். விருதுக் குழுவினர் மூவரும் கதவிலுள்ள சிறு கண்ணாடி வழியாக, ஒருவர் பின் ஒருவராக எக்கிப் பார்த்து ஆய்வு நடத்தினார்கள். அவர்கள் அறிக்கையிலிருந்து: “மேசைகள் தூய்மையாக உள்ளன. தரையில் அமிலக் கறை இல்லை. வாடை இல்லை. மாணவரிடையே சத்தமோ தள்ளுமுள்ளோ இல்லை. பாராட்டத்தக்க ஒழுங்கு.” இதில் ஒரு வாக்கியத்தையும் என்னால் மறுக்க முடியவில்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

4. விருதுச் செய்தியை அப்பேராசிரியருக்கு மின்னஞ்சலில் தெரிவித்தோம். தம் மாணவர்களின் கட்டுப்பாட்டுக்குக் கிடைத்த பெருமை இது என்று பதில் எழுதியிருந்தார். சாவி ஏதோ ஒரு பெட்டியில் இருக்கிறதாம். எந்த நாட்டில் உள்ள பெட்டி என்பதை அவர் குறிப்பிடவில்லை.

5. பூட்டை உடைக்கலாமே என்று கட்டடப் பிரிவை அணுகினேன். பூட்டை உடைத்தால் அது சொத்துச் சேதம். சொத்துச் சேதம் விபத்துப் பதிவேட்டில் ஏறும். ஏறினால் ஆறாம் ஆய்வகம் தொண்ணூற்றொன்பதுக்கு இறங்கி, இரண்டாமிடத்தில் உள்ள நான்காம் ஆய்வகத்துடன் சமநிலை ஆகிவிடும் என்றார்கள். நான்காம் ஆய்வகம் இந்த விருதாண்டின் தொடக்கத்தில் இடிக்கப்பட்டுவிட்டது. தற்போது அங்கே வண்டிகள் நிறுத்துகிறோம். அதன் பதிவேட்டில் இருக்கும் ஒரே பதிவு, ‘கட்டடம் இடிக்கப்பட்டது’ என்பதுதான்.

6. என் பொறுப்பிலுள்ள மூன்றாம் ஆய்வகம் எட்டாமிடம். எங்கள் பதிவேட்டில் நாற்பத்தொரு பதிவுகள். ஒன்றையும் மறைக்கவில்லை. பதிவு ஏழு: குடுவை, ஒன்று, உடைந்தது. பதிவு பன்னிரண்டு: இடது புருவம், பாதி, என்னுடையது. பதிவு பத்தொன்பது: மாணவன் மயக்கம், காரணம் வாயு அல்ல, காலையில் சாப்பிடவில்லை. பதிவு முப்பது: பொறுப்பாளர் காரணமின்றிக் கோபப்பட்டார்; சேதம் மாணவியின் முகம், சிறிது நேரம். இந்தப் பதிவேட்டை வீட்டில் வைத்துப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தபோது என் கணவர் எட்டிப் பார்த்துவிட்டு, “ஏம்மா, இது விபத்துப் பதிவேடா, உன்னோட டைரியா?” என்று கேட்டார். எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. ஆனால், நூற்று இருபது பேர் தினமும் தீயோடும் அமிலத்தோடும் புழங்கும் இடத்தில் எதுவும் நடக்கவில்லை என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

விருது எங்களுக்குத்தான் என்று நான் எதிர்பார்த்தேன் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். உண்மையை எழுதினால் மதிப்பார்கள் என்று ஒரு எண்ணம். விழாவுக்கென்று புதுச் செருப்பு வாங்கியிருந்தேன். அது காலைக் கடிக்கிறது. இந்த மனுவில் என் குரல் எங்காவது சற்று உயர்ந்திருந்தால், செருப்புக்கும் அதில் பங்குண்டு.

7. இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். கோடைப் பயிற்சிக்கான தேர்வில் முதலிடம் பெற்றவள் என் வகுப்பு மாணவி. வெங்காயத் தோலைக் கரியாக்கி, அதைக் கொண்டு சாயக் கழிவுநீரிலிருந்து நிறத்தை நீக்குவது அவளது ஆய்வு. விடுதிச் சமையலறையில் சொல்லிவைத்து, இரண்டு மூட்டை வெங்காயத் தோல் சேர்த்து வைத்திருக்கிறாள். விடுதி மாணவிகள் அவளை ‘வெங்காயம்’ என்றே அழைக்கிறார்கள், அவள் கோபித்துக்கொள்வதில்லை. முதலிடம் பெற்றவர் விருது பெற்ற ஆய்வகத்தில்தான் பயிற்சி பெற வேண்டும் என்பது விதி. ஆகவே அவளுக்கு ஆறாம் ஆய்வகம் ஒதுக்கப்பட்டது.

திங்கட்கிழமை முதல் அவள் தவறாமல் வருகிறாள். கதவுக்கு வெளியே ஒரு முக்காலி போட்டு, இரண்டு மூட்டைகளோடு காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை உட்கார்ந்திருக்கிறாள். முதல் நாள் என்னிடம், “மேடம், கதவுக்கு இந்தப் பக்கம் உக்காந்தா கணக்குல வருமா?” என்று கேட்டாள். எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு வருகைத் தாள் போட்டுக் கொடுத்தேன். செவ்வாயன்று காற்றடித்ததில் கொஞ்சம் தோல் கதவிடுக்கு வழியாக உள்ளே பறந்துவிட்டது. மூன்று ஆண்டுகளில் ஆறாம் ஆய்வகத்துக்குள் நுழைந்த ஒரே ஆராய்ச்சிப் பொருள் அதுதான். துப்புரவுப் பணியாளர், “பாப்பா, நான் பெருக்குறேன், நீ பறக்க விடுற. ரெண்டு பேருக்கும் எட்டு வாரத்துக்கு வேலை இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போனார்.

முதல் வாரம் முடிவதற்குள், அதாவது நாளை வெள்ளிக்கிழமை மாலைக்குள், ஆய்வுப் பணி தொடங்கிவிட்டதாகச் சான்று தராவிட்டால் அவளது இடம் காலாவதியாகும். மறுபடி விண்ணப்பிக்கவும் முடியாது. அவள் தந்தை பேருந்து ஓட்டுநர். இந்த இடம் கிடைத்ததால்தான் மேற்படிப்புக்குச் சம்மதித்திருக்கிறார். இல்லையென்றால் அவள் சித்தப்பாவின் மருந்துக் கடையில் ரசீது போட உட்கார வேண்டும். நேற்று என்னைப் பார்க்க வந்த அவள் தந்தை, “அதுவும் மருந்துதானேம்மா? அதுவும் கெமிஸ்ட்ரிதானே?” என்று மிக மரியாதையாகக் கேட்டார். பதினேழு ஆண்டுகள் பாடம் நடத்திய எனக்கு, அவர் போய் வெகுநேரம் கழித்து, மாடிப்படியில், பதில் வந்தது. மருந்துக் கடையில் எல்லாம் ஏற்கெனவே கண்டுபிடிக்கப்பட்டு டப்பாவில் இருக்கிறது ஐயா.

8. இதுவரை தங்கள் அலுவலக முன்னறையில், நீள இருக்கையில் அமர்ந்து எழுதினேன். இந்த இடத்தில் முன்னறை எழுத்தர் என் தோளுக்கு மேலாக எட்டிப் படித்துவிட்டு, “மேடம், பதினாலாவது விதிய படிச்சீங்களா?” என்று கேட்டார். படிக்கவில்லை. விதிப் புத்தகத்தை எடுத்துத் தந்தார். விதி 14: விருது குறித்துப் புகார் பதிவானால், விசாரணை முடியும்வரை விருதும் அதன்வழிக் கிடைக்கும் அனைத்து வாய்ப்புகளும் நிறுத்தி வைக்கப்படும். விசாரணை எத்தனை நாளில் முடியும் என்று கேட்டேன். “போன தடவை சீக்கிரமா முடிச்சிட்டாங்க மேடம். நாலு வருஷம்” என்றார்.

அதாவது, இந்த மனு வெற்றி பெற்றால் மாணவியின் இடம் போய்விடும். அவளுக்காக எழுதுகிறேன் என்று நினைத்து உட்கார்ந்தேன். உண்மையில் அவளுக்காக என்றால் விதிகளை முதலில் படித்திருப்பேன். செருப்புக்காக எழுதியிருக்கிறேன் போலும்.

9. இம்மனுவைக் கிழித்துவிட்டு வேறு எழுத விரும்பினேன். ஒருவருக்கு ஆண்டுக்கு ஒரு படிவம்தான் என்றார் எழுத்தர். பொருள் வரியை மட்டுமாவது அடித்துவிடலாமா என்றேன். அடித்தல் திருத்தல் உள்ள மனுவைப் பெற இயலாது என்று சுவரில் பெரிய எழுத்தில் எழுதியிருப்பதைக் காட்டினார். பிறகு என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு, “ஒண்ணும் ஆகல மேடம். அடிக்காம அப்படியே கீழ எழுதிக்கிட்டே போங்க. சார் கடைசிப் பத்திய மட்டும்தான் படிப்பாரு” என்றார். தாங்கள் ஒவ்வொரு மனுவையும் முழுமையாகப் படிப்பவர் என்பதில் எனக்கு ஐயமில்லை. இந்த ஒரு முறை மட்டும் அப்படிப் படிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

10. ஒருவேளை படித்துவிட்டால், பத்திகள் மூன்று முதல் ஆறு வரை உள்ளவற்றைப் புகாராகக் கொள்ளாமல் பாராட்டாகக் கொள்ளுமாறு வேண்டுகிறேன். கதவுக் கண்ணாடி வழியாக எக்கிப் பார்த்தது குழுவினரின் அக்கறையைக் காட்டுகிறது. சாவியைக் கண்டம் கடந்து பாதுகாத்து வரும் பேராசிரியரின் பொறுப்புணர்வு எங்களுக்கெல்லாம் முன்மாதிரி. மூன்றாம் ஆய்வகம் எட்டாமிடத்துக்கே உரியது; ஒன்பதாமிடம் இல்லாததால் அங்கே நின்றது.

11. விதிப் புத்தகம் கையில் இருந்ததால் மற்ற விதிகளையும் படித்தேன். விதி 9: விருது பெற்ற ஆய்வகத்தில் இடவசதி போதாவிட்டால், துணைப் பதிவாளரின் ஒப்புதலுடன், வேறொரு ஆய்வகத்தின் பகுதியை அதன் நீட்சியாக அறிவிக்கலாம்; அந்தப் பகுதிக்கான சான்றை அங்கே உள்ள பொறுப்பாளரே தரலாம். ஆறாம் ஆய்வகத்தில் தற்போது ஒருவர்கூட உள்ளே போக இயலாதபடி இடநெருக்கடி நிலவுகிறது. மூன்றாம் ஆய்வகத்தில் சன்னலோரம் எட்டடி நீள மேசை ஒன்று உண்டு. தண்ணீர்க் குழாய் இருக்கிறது, சற்றுச் சொட்டும். கரியாக்கும் உலை பக்கத்திலேயே. இன்று மாலையே போய் அந்த மேசையைத் துடைத்து வைத்துவிடுவேன்.

12. ஆகவே, அந்த ஒரு மேசையை எட்டு வாரங்களுக்கு ஆறாம் ஆய்வகத்தின் நீட்சியாக அறிவித்து, நாளைக் காலைக்குள் கையொப்பமிட்டு உதவ வேண்டுகிறேன். பத்து மணிக்கு உலை மூட்டினால் மாலைக்குள் முதல் பிடி கரி கிடைத்துவிடும். பணி தொடங்கிவிட்டதாக நான் பொய்யின்றிச் சான்று எழுதலாம். ‘விபத்தில்லா ஆய்வகம்’ விருதுக்கு ஆறாம் ஆய்வகமே முழுத் தகுதி உடையது என்றும், அங்கே மூன்று ஆண்டுகளில் ஒருவர் விரலிலும் ஒரு கீறல்கூட விழவில்லை என்றும், அடுத்த ஆண்டும் அதற்கே வழங்கலாம் என்றும், எவருடைய வற்புறுத்தலும் இன்றி உறுதி கூறுகிறேன்.

இடம்: பதிவாளர் அலுவலக முன்னறை
நாள்: ஜூன் 12, வியாழன், மாலை 4.40

இப்படிக்கு,
தங்கள் பதிலுக்கு நாளைக் காலை எட்டரை முதல் இதே இருக்கையில் மாணவியோடு காத்திருக்கும்,

(ஒப்பம்)
பொறுப்பாளர், மூன்றாம் ஆய்வகம்;
தாங்கள் அனுமதித்தால், ஆறாம் ஆய்வகத்தின் ஒரு மேசைக்கும்.

இணைப்பு: மாணவியின் வருகைத் தாள், நான்கு நாட்கள் (கதவுக்கு வெளிப்புறம்).