உங்கள் படம் போட்ட ஜெபக் கடிதம்

அக்கா,

பக்கத்து வீட்டில் நெத்திலிச் சம்பல் வதக்குகிறார்கள். நாங்கள் இப்போது இருக்கும் தம்போயில் வீடுகள் ஒட்டிக்கொண்டு நிற்பதால் மிளகாய் நெடி நேராக எங்கள் கூடத்துக்கே வந்துவிட்டது. உங்கள் பாஸ்டருக்கு, அதான் என் வீட்டுக்காரருக்கு, வரிசையாகத் தும்மல். தும்மி முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டோம்.

சாஆ டவுனிலிருந்து செம்மண் பாதையில் அரை மணி நேரம், செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே இருந்த அந்தத் தொழிலாளர் லயத்தில் நாங்கள் குடியேறிய முதல் ஞாயிறுதான் இருவருக்கும் நினைவு வந்தது. எங்கள் குடும்பம் நான்கு பேர், ஆராதனைக்கு வந்தவர்கள் மூன்று பேர். அவர் கண்ணை மூடி ஜெபம் தொடங்கிய நேரம் பார்த்து, பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் நீங்கள் சம்பல் வதக்கினீர்கள். ஏழு பேரும் இருமி இருமித்தான் ஆமென் சொன்னோம். வெளியே வந்தால் வாசலில் நின்று கேட்கிறீர்கள்: "என்ன பாஸ்டரு, உங்க சாமி எல்லாரையும் இப்படித்தான் அழ வைக்குமா?" எனக்குக் கோபமான கோபம். அவருக்கோ சிரிப்பு அடங்கவில்லை. மறு வாரத்திலிருந்து ஒன்பது மணிக்குள் அடுப்பு வேலையை முடித்துவிட்டு, "ஆச்சு, நீங்க ஆரம்பிக்கலாம் லா" என்று குரல் கொடுப்பீர்கள். அதைக் கேட்டுத்தான் நாங்கள் பாட்டுப் புத்தகத்தைத் திறப்போம்.

அப்படிப் பத்து வருடம் ஓடியது. ஊழியம் என்றால் பிரசங்கமும் பாட்டும் என்று நினைத்துக்கொண்டு வந்தவள் நான். அங்கே அது பெரும்பாலும் வேன் ஓட்டுவதாக இருந்தது. கிளினிக்குக்கு ஆள் ஏற்ற வேண்டும், பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகளைக் கூட்டி வர வேண்டும், மழையில் சக்கரம் புதைந்தால் பிரசங்கம் செய்யப் போகிறவரே இறங்கித் தள்ள வேண்டும். சாயங்காலம் நான் லயத்துப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும்போது, என் பிள்ளைகள் உங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு அங்கேயே தூங்கிப்போவார்கள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும், சாமிக்குப் படைப்பதற்கு முன்பே எங்களுக்கென்று ஒரு தூக்குச்சட்டியில் எடுத்து வைத்துவிடுவீர்கள். படைத்ததை நாங்கள் சாப்பிடுவதில்லை என்று உங்களிடம் யாரும் சொன்னதில்லை, நீங்களாகவே கண்டுகொண்டீர்கள். "சாமி கோவிச்சுக்காதா அக்கா?" என்றேன் ஒருமுறை. "சாமிக்கு என்ன அவசரம்? உன் புள்ளைங்கதான் பசி தாங்காது" என்றீர்கள்.

இவ்வளவையும் தின்றுவிட்டுத்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை, எங்களை அனுப்பிய ஜொகூர் பாரு சபைகளுக்கு, ஊழியம் எப்படி நடக்கிறது என்று சொல்லி ஜெபக் கடிதம் போக வேண்டும். எழுதுவது நான், கையெழுத்து அவருடையது. அந்த முறை எழுத எதுவும் இல்லை. ஞாயிறு வருகிறவர்கள் அதே ஒன்பது பேர். அந்த வாரம் ஆராதனை நடுவே பிள்ளைகளைத் தேடி வந்த நீங்கள், பாட்டு பிடித்துப்போய் பின்னால் உட்கார்ந்துவிட்டீர்கள். படம் எடுத்துக்கொண்டேன். கீழே இப்படி எழுதினேன்: "இந்தச் சகோதரி குடும்பமாக விரைவில் நம் விசுவாசத்துக்குள் வர இருக்கிறார்." எழுதும்போது பொய் என்று தோன்றவில்லை அக்கா. என் ஆசையை உங்கள் முடிவாக எழுதிவிட்டேன். அவரும் என்னை நம்பிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

கடிதம் போன் போனாகப் பறந்தது. பாசிர் கூடாங்கில் ஷிப்ட் வேலை பார்த்த ஒரு பையன் கையில் போய் நின்றது. உங்கள் மகளுக்குப் பேசி முடித்திருந்த மாப்பிள்ளை அவர்தான். லாபிசிலிருந்து அவர் அம்மா உங்களைக் கூப்பிட்டு, "மதம் மாறப் போற குடும்பம்னு முன்னாடியே ஏன் சொல்லல?" என்று கேட்டு, நிச்சயதார்த்தத்தை நிறுத்தி வைத்துவிட்டார்.

நீங்கள் வந்து கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். போனை என் முன்னால் நீட்டினீர்கள். "இத நான் எப்ப சொன்னேன் தங்கச்சி?" என்று கேட்டீர்கள். "எம்மவ ரெண்டு நாளா சாப்பிடல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள்.

"நாளைக்கே லாபிஸ் போறோம்" என்றார் அவர். எனக்குப் பயம். தப்பாக எழுதினோம் என்று தெரிந்தால் சபைகள் எங்களைத் திரும்பக் கூப்பிட்டுக்கொள்ளுமே என்றேன். "கூப்பிட்டா போவோம். அந்தப் புள்ள கல்யாணம் நின்னா எங்க போவோம்?" என்றார்.

மாப்பிள்ளை வீட்டுக் கூடத்தில் நின்றுகொண்டே சொன்னேன். "அவங்க அப்படி ஒரு வார்த்தை சொன்னதே இல்லம்மா. நானா எழுதினது." அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "பாஸ்டர் வீட்டுல இருந்துகிட்டு பொய் எழுதுவீங்களா?" "எழுதிட்டேன்மா." பிறகு அவர் உள்ளே போய் டீ கொண்டுவந்தார். "குடிங்க லா. இம்புட்டு தூரம் வந்து சொல்றீங்களே, அந்தம்மா நல்ல மனுசியாத்தான் இருக்கணும்" என்றார்.

அடுத்த ஜெபக் கடிதத்தின் முதல் வரியிலேயே என் தப்பை எழுதினேன். இரண்டொரு சபைகள் மனத்தாங்கலோடு பதில் போட்டன. திரும்பி வரச் சொல்லி யாரும் எழுதவில்லை. கல்யாணத்தில் என்னைப் பந்தி பரிமாற விட்டு, வருகிறவர்களிடமெல்லாம், "இவதான் எம்மவ கல்யாணத்த நிறுத்தப் பாத்தவ, நல்லா வேலை வாங்குங்க" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தீர்கள். அன்று எனக்கு இடுப்பு ஒடிந்தது, மனசு நிறைந்தது.

போன வருடம் சிகாமட் ஆஸ்பத்திரியில் உங்களைப் பார்க்க வந்தேன். மகளைக் குடிக்க மைலோ வாங்கி வரச் சொல்லி அனுப்பிவிட்டு, என் மணிக்கட்டைப் பிடித்தீர்கள். "எனக்காக ஜெபம் பண்ணு தங்கச்சி." அத்தனை வருடத்தில் நீங்கள் கேட்டதே இல்லை. தடுமாறித் தடுமாறிச் செய்தேன். முடித்தபோது, மெதுவாக ஆமென் சொன்னீர்கள். நான் வாயைத் திறப்பதற்குள் ஒற்றை விரலை ஆட்டினீர்கள். "இதையும் லெட்டர்ல எழுதிடாத." சிரிப்பு இருமலாகி, தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று. இரண்டு நாளில் போய்விட்டீர்கள்.

கடைசியாக என்ன பேசினீர்கள் என்று அவர் கேட்டார். "அது எங்க ரெண்டு பேருக்குள்ள" என்றேன். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. அந்த ஆமெனுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாது, அக்கா. தெரிந்த மாதிரி எழுத இந்த முறை கை வரவில்லை. சபைகள் கேட்டிருந்தால் கொண்டாடியிருக்கும். நான் யாரிடமும் சொல்லவில்லை. இந்தக் கடிதத்தையும் உங்களுக்குத்தான் எழுதியிருக்கிறேன், வேறு யாருக்கும் அனுப்ப மாட்டேன்.