வாசலில் நிற்கும் கார்

ஜூலை 7, திங்கள்

காலையிலிருந்து புகைமூட்டம். துணி வெளியே போட்டால் புகை நாறும். டிரையரில் போடலாம் என்று போனால், பிளக்கைப் பிடுங்கி வயரைச் சுருட்டி வைத்திருக்கிறார் இவர். கரண்ட் தின்கிறதாம். பூமி சூடாகிறதாம்.

கல்யாணமான நாளிலிருந்து பூமியைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. பாத்ரூம் லைட்டை விடிய விடிய எரியவிட்ட மனிதர். இப்போது நான் ஊசியில் நூல் கோர்த்துக்கொண்டிருக்கும்போதே லைட்டை அணைத்துவிட்டுப் போகிறார்.

ஆரம்பித்து வைத்தது மகள் தர்ஷினி. சிங்கப்பூர் ஆபீசில் யாரோ வகுப்பு எடுத்தார்களாம், கார்பனைக் குறைப்பது எப்படி என்று. போனில் அனுப்பினாள். காரைக் குறை. ஏர்கோன் வேண்டாம். கடைக்கு நட. கடைச் சாப்பாட்டைப் பிளாஸ்டிக்கில் தாபாவ் கட்டி வாங்காதே. பொரித்த எண்ணெயைச் சிங்க்கில் ஊற்றாதே. நான் படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன். இவர் அத்தனையையும் பிடித்துக்கொண்டார்.

மகளுக்கு ஒரே பூரிப்பு. எனக்கு வரவில்லை. சக்கரைக்கு நடக்கச் சொல்லிக் கிளினிக்கில் கத்தியபோதெல்லாம் கேட்காதவர், போனில் வந்ததற்கா நடக்கிறார்? ஏதோ இருக்கிறது.

லிம் ஆன்ட்டி ரவிக்கை: கை இன்னும் அரை இன்ச் பிடிக்கணும்.

ஜூலை 8, செவ்வாய்

புகை கொஞ்சம் குறைவு. கார் மேல் தூசி. பூனை படுத்த தடம்.

கார் கேட்டுக்கு வெளியே ரோட்டோரம்தான் நிற்கிறது. போர்ச்சில் என் தையல் மெஷின். காரை இவர் இப்போது எடுப்பதே இல்லை. ஆனால் சாயங்காலம் வரும்போது அதை ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் உள்ளே வருகிறார், ஏதோ மாட்டைத் தட்டுவதுபோல. விற்றுவிடுங்களேன் அப்பா என்றாள் தர்ஷினி. அதற்கு மட்டும் முகம் மாறியது. "இருக்கட்டும்மா, காடி அது பாட்டுக்கு நிக்கட்டும்." பூமி மேல் அவ்வளவு அக்கறை என்றால் கார் எதற்கு?

சேனாய் தொழிற்சாலைக்கு இப்போது இவர் கூட வேலை செய்கிற ரோஸ்னாவின் காரில் போகிறார். ஒரே பக்கம் போகிற இரண்டு பேருக்கு இரண்டு கார் எதற்கு என்கிறார். ரோஸ்னா புருஷனை இழந்தவள். நன்றாக உடுத்துவாள். கொண்டுவந்து வாசலில் இறக்கினால் என்ன? எங்கள் தாமான் குடியிருப்பின் முனையிலேயே இறக்கிவிட்டுப் போகிறாள். இவரைக் கேட்டதற்கு, உள்ளே வந்து திருப்பினால் பெட்ரோல் வீணாம். இன்று முனையிலிருந்து கை காட்டினாள். நானும் காட்டினேன். மரியாதை போகக்கூடாது.

திடீரென்று திருந்துகிற ஆம்பளை மேல் ஒரு கண் இருக்கட்டும் என்று பக்கத்து வீட்டு லிம் ஆன்ட்டி மலாயில் சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜூலை 9, புதன்

எழுதக் கை வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

சாயங்காலம் பின்பக்கம் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். ரோஸ்னாதான். மலாயில், குரலைத் தாழ்த்தி. எனக்கு என்ன மலாய் தெரியாதா? "பெண்சாதிக்கு இன்னும் தெரியாது. நானே சொல்றேன். கொஞ்சம் டைம் கொடு." அதுதான் சொன்னார். ஒரு வார்த்தை பிசகில்லை.

குழம்பு அடிபிடித்தது.

இப்போது எல்லாம் பொருந்துகிறது. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவதில் இவருக்கு எவ்வளவு பெருமை. அதை விட்டுவிட்டு, பழைய அட்டைப்பெட்டி பிரிக்கிற ரீசைக்கிள் பகுதிக்குத் தானாகக் கேட்டு மாறினார். அதுவும் பூமிக்காக. அந்தப் பகுதிக்குச் சூப்பர்வைசர் யார்? ரோஸ்னா.

சாப்பிடும்போது என்னைப் பார்த்து, "ஏன் ஒரு மாதிரி இருக்க?" என்றார். தலைவலி என்றேன்.

ஜூலை 10, வியாழன்

நல்ல வெயில். துணி காய்ந்தது.

கெம்போங் மீன் பொரித்தேன். மிஞ்சிய எண்ணெயைப் பழைய நல்லெண்ணெய் பாட்டிலில் ஊற்றி வைத்தேன். பழைய எண்ணெய் சேகரிக்கிறவர்கள் சனிக்கிழமை தாமான் மண்டபத்துக்கு வந்து வாங்கிக்கொள்வார்கள், சோப்பு செய்யவோ டீசல் செய்யவோ. பாட்டிலின் லேபிளைக் கிழித்துவிட்டு, சிவப்பு மார்க்கரில் ஒரு பக்கம் முழுக்க எழுதினேன்: மீன் எண்ணெய். விளக்கு எண்ணெய்க்குப் பக்கத்திலேயே இடம் இருந்தது. வைத்தேன்.

பிறகு ஒரு சோதனை. இவருக்குப் பிடிக்கவே பிடிக்காத அந்த மாம்பழ மஞ்சள் சேலையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். வழக்கமாக, கட்டுவதற்கு வேற சேலையே கிடைக்கலியா என்று ஆரம்பித்துவிடுவார். இன்று ஒன்றும் சொல்லவில்லை. எதிரே உட்கார்ந்து டீ குடித்தார். மீன் நல்லா இருந்துச்சு என்றார். என் மேல் கண்ணே படவில்லை.

அவ்வளவு தூரம் போய்விட்டது. அழுகை வந்தது. குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். தண்ணீர் வீணாகுது என்று உள்ளேயிருந்து குரல்.

ஜூலை 11, வெள்ளி

சாயங்காலம் லிம் ஆன்ட்டி ரவிக்கையைப் போட்டுப் பார்க்க வந்திருந்தாள். அதனால் விளக்கை இவரையே ஏற்றச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் வீடு முழுக்க மீன் பொரிக்கிற வாசம். வெள்ளிக்கிழமை அடுப்பில் மீனா என்று ஓடினேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. வாசம் சாமி மேடையிலிருந்து வருகிறது. விளக்கு கெம்போங் பொரித்த எண்ணெயில் புகைந்துகொண்டிருக்கிறது. இவர் கை கூப்பி நிற்கிறார்.

லிம் ஆன்ட்டி போகும்வரை பல்லைக் கடித்துக்கொண்டேன். பிறகு பாட்டிலைக் கொண்டுவந்து கையில் திணித்தேன். நினைப்பு எங்கே இருக்கிறது, என்ன எழுதியிருக்கிறது, படியுங்கள் என்று கத்தினேன்.

வாங்கினார். திருப்பினார். ஜன்னலோரம் போய் மூக்குக்கு அருகில் பிடித்தார். எழுத்து இருந்தது என் பக்கம். அவர் பார்த்துக்கொண்டிருந்தது வெறும் பிளாஸ்டிக்கை. அதைப் பார்த்துக்கொண்டே, "நல்லெண்ணெய்னுதான் போட்டிருக்கு" என்றார்.

எனக்குக் கத்த வரவில்லை.

"என்னங்க" என்றேன்.

பாட்டிலைக் கீழே வைத்தார். "வலது கண்ணு போயிருச்சு சாந்தி. இடதுல எந்நேரமும் புகை."

ஹரி ராயா பெருநாளுக்கு முன்னாலிருந்தே. சக்கரை. நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவன் இவர் கண்ணுக்குத் தெரியவே இல்லை, எப்படியோ தப்பித்தானாம். அன்றோடு கார் சாவியை ஆணியில் மாட்டினார். அப்புறமும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியிருக்கிறார். ஒரு நாள் அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் ரோஸ்னா நின்றது தெரியவில்லை. நூலிழையில் தப்பினாளாம். மேலிடத்தில் சொல்ல மாட்டேன், ஆனால் வண்டியை விட்டு இறங்கணும், பெண்சாதியிடம் சொல்லணும் என்று அவள்தான் பிடிவாதமாக நின்றாள். அந்த நேரத்தில் மகளின் செய்தி வந்தது. சாக்கு கிடைத்துவிட்டது.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னால் நிஜமாகிவிடும் என்றார்.

ஜூலை 12, சனி

விளக்கைப் புளி போட்டுத் தேய்த்தேன். வாசம் போகவில்லை.

எண்ணெயைக் கொடுத்துவிட்டு வந்தால் கேட்டருகே ரோஸ்னா. இவர் வரச்சொல்லியிருக்கிறார். நன்றி சொல்வதா, என்னிடம் வந்து சொல்லியிருக்கலாமே என்று சண்டை பிடிப்பதா, தெரியவில்லை. டீ போட்டேன். வேறு எதுவும் இல்லை என்று தெரிந்தும் எரிச்சல் அடங்கவில்லை. எனக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அதை என்னால் தாங்க முடியவில்லை.

முனையில் இறக்கிவிடுவது ஏன் என்று அவளிடமே கேட்டேன். இவர்தான் அப்படிக் கேட்டுக்கொண்டாராம். இடதும் போய்விட்டால் வீட்டுக்குத் தனியாக வரத் தெரிய வேண்டும், இப்போதே பழகிக்கொள்கிறேன் என்றாராம்.

லைட்டை அணைத்ததும் அதற்குத்தான். பூமிக்காக இல்லை.

ஜூலை 14, திங்கள்

மழை. நல்ல மழை, புகையெல்லாம் கழுவிக்கொண்டு போயிற்று.

கண் டாக்டர். காரை நான் எடுத்தேன். லைசென்ஸ் மட்டும் விடாமல் புதுப்பித்து வைத்திருந்தது இன்றைக்கு உதவியது. வழியெல்லாம் கியர் சரியில்லை, பிரேக் சரியில்லை என்று சொல்லிக்கொண்டே வந்தார். திட்டட்டும் என்று விட்டேன்.

வலது இனி வராது. இடதைக் காப்பாற்றலாம், லேசர், பல தடவை வர வேண்டும். முன்னமே வந்திருக்கலாமே என்றார் டாக்டர். இவர் என் பக்கம் முகத்தைத் திருப்பினார். நான் சுவரைப் பார்த்தேன்.

திரும்பும்போது மழை விட்டிருந்தது. தாமான் முனையில், "இங்கயே எறக்கி விடு, நடந்து வரேன்" என்றார். பிடிவாதம். காரை அங்கேயே ஓரமாகப் போட்டுவிட்டு நானும் இறங்கினேன். கையைப் பிடிக்க விடவில்லை. பின்னாலேயே நடந்தேன். நன்றாகத்தான் நடந்தார், சாக்கடையோரம் ஒட்டி, தலை நிமிர்ந்து.

நம் கேட் வந்தது. நிற்கவில்லை. தாண்டிப் போனார். லிம் ஆன்ட்டி வீட்டையும் தாண்டினார். ஒரு கையை ரோட்டுப் பக்கம் நீட்டித் தடவிக்கொண்டே போய், அப்புறம் நின்றார்.

"சாந்தி, காடி எங்க?"

முதல் லேசர் வியாழக்கிழமை. பஸ்ஸில் போகிறோம். கார் வாசலிலேயே நிற்கட்டும்.