படம் பார்க்க வராத மனிதர்

உபுத்,
வியாழன், காலை.

அன்பு மகள் காடெக்குக்கு,

ஓம் சுவஸ்தியஸ்து. இதைக் கொண்டுவந்து கொடுக்கிற மனிதரை உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அவருக்கு நம் மொழி வாசிக்க வராது. ஆனாலும் உறையை நன்றாக ஒட்டித்தான் கொடுக்கப்போகிறேன். இரண்டு மாதமாக நீ போனை எடுக்கவில்லை. ஜப்பானில் அந்த முதியோர் இல்லத்தில் வேலை அதிகம்போல என்று அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

திங்களன்று எங்கள் டூர் ஏஜென்சியில் என் பெயரைச் சொல்லிக் கேட்டு வந்தார், ஹமமோட்டோ என்று. மூன்று நாள் சுற்றிக்காட்ட வேண்டுமாம். அவர்கள் மொழி பேசும் வழிகாட்டி என்று ஜப்பானியர்கள் என்னைத் தேடி வருவது புதிதில்லை. ஆனால் இவர் ஓவிய மியூசியத்தில் ஒரு படத்தைக்கூடப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தார். "வீட்ல எத்தனை பேரு? வீட்டுக்காரர் குடிப்பாரா? குடும்பத்துல யாருக்காவது பெரிய வியாதி உண்டா?" யானைக்குகைப் படியில் ஏறும்போது, எனக்கு மூச்சு வாங்குகிறதா என்று நின்று கவனித்தார்.

செவ்வாயன்று சரஸ்வதி கோயில் தாமரைக் குளத்தருகே எதற்கோ சிரித்தேன். "காடெக்குக்கும் சிரிச்சா இந்தப் பக்கம்தான் குழி விழுது" என்றார். உன் பெயரை நான் அவரிடம் சொல்லவே இல்லை. உனக்கு ஏதோ ஆகிவிட்டது, நேரில் சொல்ல ஆள் அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். கேட்டால் பதில் சொல்லிவிடுவாரே என்ற பயத்தில் கேட்கவில்லை. கோயில் கட்டிய வருஷம், செதுக்கியவர் பெயர் என்று பேசிக்கொண்டே இருந்தேன். எல்லாம் தப்புத் தப்பாக.

நேற்று இன்னொரு மியூசியம். அறுவடைப் படம் ஒன்றில் நிறைமாதப் பெண் ஒருத்தி கதிர்க்கட்டோடு நிற்பாள். அதன்முன் முதல்முறையாக நின்றார். "கல்யாணத்துக்கு முன்னாடி குழந்தை வந்துட்டா உங்க ஊர்ல என்ன பண்ணுவீங்க?"

"அய்யா, என் பொண்ணு உயிரோட இருக்காளா?"

அவர் பதறிவிட்டார். "இருக்கா, நல்லா இருக்கா. அஞ்சு மாசம். என் பையன் தக்குரோதான்... உங்க குடும்பத்தைப் பாத்துட்டு, சரிப்படாதுன்னு அவன்கிட்ட சொல்லலாம்னு வந்தேன்."

நீ உயிரோடு இருக்கிறாய் என்று மூச்சு வந்தது. பின்னாலேயே கோபமும் வந்தது. என் குரலைக் கேட்டுக் காவலாளி ஓடிவந்தார்.

"மூணு நாளா என்னைப் பாத்தீங்கல்ல? இப்ப நான் கேக்கறேன். உங்க பையன் கை நீட்டுவானா? மசக்கையில அவ வாந்தி எடுத்தப்போ தலையைப் பிடிச்சது யாரு? இப்ப என்ன சாப்பிடறா?"

மகனோடு பேசியே நாலு மாதமாகிறது என்றார்.

"அப்ப எதைத் தெரிஞ்சுக்கிட்டு இவ்வளவு தூரம் வந்தீங்க? போன் பண்ணுங்க. இப்பவே."

வாசல் படியில் உட்கார்ந்து பண்ணினார். வெகுநேரம் அந்தப் பக்கம் பேசுவதையே கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், "அவ சாப்பிடறாளா?" என்று மட்டும் கேட்டார். பதில் என் காதில் விழவில்லை. தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

சம்மதம் என்று அவர் சொல்லவில்லை, காடெக். இல்லாததைச் சொல்லி உன்னைத் தேற்றமாட்டேன். கடிதம் எழுதித் தருகிறேன், நீங்களே அவள் கையில் கொடுங்கள் என்று கேட்டேன். குனிந்து வணங்கித் தலையாட்டினார். அவ்வளவுதான்.

அப்பாவிடம் இன்று மாலை சொல்லப்போகிறேன். ஒரு நாள் கத்துவார். மறுநாள் பாஸ்போர்ட்டுக்கு எத்தனை நாளாகும் என்று கேட்பார்.

ஏன் மறைத்தாய் என்று இப்போது கேட்கமாட்டேன். கல்யாணம் உன் பாடு, அந்தப் பையன் பாடு. நடந்தாலும் நடக்காவிட்டாலும், நம் வழக்கப்படி நூற்றைந்தாம் நாள் சடங்கில் குழந்தையின் பாதம் முதலில் மண்ணைத் தொடுவது நம் முற்றத்தில்தான். பிறக்கப்போகும் மாதத்தை எழுது. யாருடைய முகத்துக்கும் பயந்து பட்டினி கிடக்காதே.

ஓம் சாந்தி, சாந்தி, சாந்தி. உங்கள் இருவருக்கும்.

உன் அம்மா,
நி நியோமன் ரெனிங்