உன் துவக்குக்கு நான் பூட்டிய வளையம்

நேற்றுப் பின்னேரம் லண்டனில், என் குட்மேய்ஸ் அறையில் கொம்பியூட்டருக்கு ஒரு தட்டு அடித்துக்கொண்டிருந்தேன். யாரோ வீசிய பழைய கதவில் வெட்டிய பலகை, நல்ல இறுக்கமான மரம். ட்ரில் சூடேறி, சுருள் சுருளாய்த் தூள் வந்து, மரம் இலேசாகக் கருகும் வாசம் எழும்பியது. அவ்வளவுதான்! ட்ரில்லை நிறுத்திவிட்டுக் கட்டிலில் இருந்துவிட்டேன். நீ மோட்டர்வேயில் அடிபட்டுச் செத்து ஐந்து மாதம். எல்லோரும் உன்னை நினைத்து அழுகிறார்கள். எனக்கு வந்தது கோபம்.

துளை போட்டபோது உன் துவக்கும் இப்படித்தான் மணத்தது. துவக்குச் சுடும் கிளப்பில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் கண் மங்கிப்போய் உனக்கு விட்டுக்கொடுத்த எயர் ரைபிள், வால்நட் மரப்பிடி. நோர்பரியில் உன் வீட்டிலிருந்து ஒரே பஸ்ஸில் போகக்கூடிய அந்தக் கிளப்பில் தமிழர் நாங்கள் இரண்டு பேர்தான். நீ சுட்டாய். நான் சுட்டதைவிடக் கதைத்தது கூட. எந்த நாட்டுக்காரன் எத்தனை புள்ளி எடுத்தான், எந்தக் குழல் எவ்வளவு நீளம், எல்லாம் எனக்கு மனப்பாடம்! யாரும் சொல்லித் தரவில்லை. கொலிஜ் லைப்ரரியில் இன்டர்நெட் நியூஸ்குரூப்புகளுக்குள் விழுந்து கிடந்து நானே பொறுக்கியது. "நடமாடுற இன்டர்நெட் வருது, வழி விடுங்கோ" என்று நீ பகிடி பண்ணுவாய்.

முழந்தாளில் இருந்து சுடும்போது உன் இடது கை ஆடியது. போட்டிக்கு ஆறு கிழமை, ஒன்றரை மாதம்தான் இருந்தது. பட்டி போட்டால் ஆடாது என்று கண்டுபிடித்தவன் நான், மறுக்கவில்லை. தோளில் கொழுவித் திரிவதற்கான பட்டி இல்லை அது. மேல்கையில் சுற்றி இறுக்கினால் கையும் துவக்கும் ஒன்றாகிவிடும். அந்தப் பட்டியைக் கொழுவ மரத்தில் இரும்பு வளையம் பூட்டவேண்டும், கடையில் சுவிவல் என்று கேட்டால் தருவார்கள். எப்படிப் பூட்டுவது என்று ஒரு அமெரிக்கன் எழுதியிருந்ததைப் பன்னிரண்டு பக்கம் பிரின்ட் எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிறு காலை வந்தேன்.

ஞாயிறு எனக்கு என்ன நாள் என்று உனக்குத் தெரியும். பதினாறு வயதில் லண்டனுக்குத் தனியே வந்தவன் நான். டூட்டிங்கில் ஒரு கடைக்கு மேலே, ஷிப்ட் மாறி மாறிப் படுக்கும் மூன்று பேரோடு ஓர் அறை. ஞாயிறு மத்தியானம் உன் அம்மாவின் கையால்தான் எனக்குச் சோறு. நான் அன்ரி என்பேன், அவ என்னைப் பிள்ளை என்பா. நான் வரப் பிந்தினால் உனக்கும் போடமாட்டா. அந்த மேசையில் ஒரு கதிரை என்னுடையது. இந்த ஊரில் எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

மேல்மாடியில் உன் கட்டிலில் துவாயை விரித்துத் துவக்கைக் கவிழ்த்துக் கிடத்தினோம். மரத்தில் டேப் ஒட்டி நடுக்கோடு கீறினேன்.

"டேய், நேராப் பிடி."

"நான் நேராத்தான் பிடிக்கிறன். நீதான் கோணலா நிக்கிறாய்."

"ஆடாதை! துளை சரிஞ்சா வளையமும் சரிஞ்சிடும்."

"சரி, உன்ர அமெரிக்காக்காரன் அடுத்தது என்னவாம்?"

"முதல் குத்தூசியால ஒரு பள்ளம். பிறகு சின்னத் துளை. ஸ்க்ரூவுக்குச் சவர்க்காரம் பூசட்டாம், அப்பதான் மரம் வெடிக்காமல் இறங்கும்."

"சவர்க்காரமோ? குளிக்க வாக்கப் போறியோடா துவக்கை? வெடிச்சுதெண்டா உன்னைத்தான் நிப்பாட்டி வைச்சுச் சுடுவன்."

முன் வளையம் நேராக இறங்கியது. பின் வளையத்துக்கு, பிடியின் அடியில், ட்ரில்லை வைத்தேன். நீ ஒருதரம் கதவைப் பார்த்தாய். "போடட்டோ?" என்று கேட்டேன். "போடு மச்சான்" என்றாய். இந்த இரண்டு சொல்லை நான் ஆயிரம் தரம் திரும்பக் கேட்டுவிட்டேன்.

பட்டியைக் கொழுவியதும் நீ துவக்கைத் தோளில் போட்டுக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் நின்றாய். அன்ரி கீழே இருந்து சாப்பிடக் கூப்பிட்டா. நீ அப்படியே இறங்கிப் போனாய், நான் பின்னால் வந்தேன். மறந்துபோய்ப் போனாயா, காட்டவேண்டும் என்று போனாயா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அன்ரி கரண்டியோடு திரும்பினா. உன் முகத்தைப் பார்க்கவில்லை, தோளைத்தான் பார்த்தா. கரண்டியைச் சட்டிக்குள் மெதுவாக வைத்தா.

"கழட்டு."

நீ கழற்றினாய்.

"கொண்ணை கடைசியா வந்து நிண்டது இப்பிடித்தான். குசினி வாசலில, தோளில கொழுவிக்கொண்டு. உந்தத் துவக்கை இந்த வீட்டுக்குள்ள விடேக்க நான் கேட்டது ஒண்டே ஒண்டு. பட்டி போடக் கூடாது, தோளில கொழுவக் கூடாது. ஓம் எண்டனீ. இப்ப ஆர் பூட்டினது?"

உனக்கு ஓர் அண்ணை இருந்தது தெரியும், இயக்கத்துக்குப் போய் ஊரில் இல்லாமல் போனதும் தெரியும். கடைசியாக அவரை அன்ரி எப்படிக் கண்டா என்பதும், நீ வாக்குக் கொடுத்ததும் அந்த நிமிஷம்தான் எனக்குத் தெரியும். நீ என்னைப் பார்க்காமலே சொன்னாய்.

"இவன்தான் அம்மா. நான் வேண்டாம் எண்டுதான் சொன்னனான். அவன்தான் கேக்கேல்லை."

நீயே சிரித்துவிட்டுத் திருத்துவாய் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். என்ன விசர்! அன்ரி மேசையில் இருந்த என் சோற்றுக் கோப்பையை எடுத்துத் திரும்ப அலுமாரிக்குள் வைத்தா. "தம்பி, இனி இஞ்ச வராதையும்" என்றா. பிள்ளை என்று வாயாரக் கூப்பிட்டவ.

பஸ் ஸ்டொப் வரை நீ பின்னால் வந்தாய். என்ன சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? "மச்சான், அம்மாக்கு நான் ஒருத்தன்தான் மிச்சம். உனக்கென்ன, நீ வேற எங்கையும் சாப்பிடலாம்."

சாப்பிடலாம்தான். சிக்கனும் சிப்ஸும் விற்கும் கடை எல்லா ஞாயிறும் திறந்திருக்கும்.

பிறகு ஒருநாள் அந்தப் பன்னிரண்டு பக்கத்தையும் திரும்ப வாசித்தேன். அமெரிக்கன் எழுதியது வேட்டைத் துவக்குக்கு. இலக்குச் சுடுவதற்கு முன் வளையம் ஒன்றே போதும், பட்டியின் மறுமுனை கையில் இருக்கும். பின்னால் ஒன்றும் கொழுவத் தேவையே இல்லை. அந்த இரண்டாவது வளையத்தை நான் பூட்டாமல் விட்டிருந்தால் நீ அதைத் தோளில் போட்டிருக்கவே ஏலாது! அது என் பிழை. அதையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். ஆனால் என் பிழை ஒரு துளைதான். மிச்சம் முழுக்க நீ செய்தது.

போட்டி முடிந்த பிறகு கிளப்பின் வெப் பக்கத்தில் உன் படத்தைக் கண்டேன். அது முழுதாக இறங்க நாலு நிமிஷம் எடுத்தது, மேலிருந்து கீழே வரி வரியாக. முதலில் உன் சிரிப்பு, பிறகு மூன்றாமிடப் பதக்கம், பிறகு முழந்தாள். கையில் பட்டி சுற்றியிருந்தது. நான் பூட்டிய முன் வளையம் நேராக நின்றது. பின் வளையம் இல்லை, துளையை அடைத்த அடையாளம்கூடத் தெரியவில்லை. கையில் சுற்றிய பட்டிக்கு அன்ரியிடம் என்ன சொன்னாய்? என்னைப் பற்றியும் ஒரு சொல் சொல்ல உனக்கு மூன்று வருடம் இருந்தது. நான் உனக்குப் போன் எடுக்கவில்லை. எடுக்கவேண்டியவன் நீ என்று இருந்தேன். பிறகு நீ செத்துப்போனாய்.

உன் முப்பத்தோராம் நாள் சடங்குக்கு வந்தேன். மண்டப வாசலில் அன்ரி நின்றா, பாதியாக இளைத்து. என்னைக் கண்டதும் அழுவா என்று நினைத்தேன். அழவில்லை.

"அவன் வேண்டாம் எண்டு சொன்னவன்தானே தம்பி. பிறகும் ஏன் பூட்டினனீர்?"

மூன்று வருடமாக மனதுக்குள் எழுதி, அழித்து, திரும்ப எழுதிய பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. உன் அண்ணை அவவின் சொல் கேட்காமல் போனவர். நீதான் சொல் கேட்ட பிள்ளை. அவவிடம் மிஞ்சியிருந்தது அந்த நினைப்பு ஒன்றுதான். நான் வாயைத் திறந்தால் அதுவும் போய்விடும்.

"ஓம் அன்ரி. அவன் வேண்டாம் எண்டுதான் சொன்னவன். நான்தான் கேக்கேல்லை."

உன்னை மன்னித்துச் சொன்னேன் என்று நினைக்காதே. நீ சொன்ன பொய் உன்னோடு போயிருக்கும். இப்போது அதை நானே என் வாயால் சொல்லிவிட்டேன், இனி மாற்றவும் ஏலாது, வேறு ஆரிடமும் கொடுக்க ஏலாது.

அன்ரி தலையாட்டினா. பிறகு எனக்குப் பின்னால் வந்தவர்களைப் பார்த்து, "எல்லாரும் சாப்பிட்டிட்டுப் போங்கோ" என்றா. நான் சப்பாத்தைத் தேடிப் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன்.