மாப்பிள்ளை வாட்ச்

ஏளா,

உன் அப்பா தந்த வாட்சின் பழைய பட்டை மேசையில் கிடக்கிறது. வாட்ச் இல்லை, பட்டை மட்டும். எடுத்து முகர்ந்து பார்த்தேன். உப்பும் வியர்வையும் கலந்த அதே வாடை. "இதக் கழத்தி வெளிய வச்சுட்டுச் சாப்பிட வாங்க" என்று மூக்கைச் சுளிப்பாயே, அந்த வாடைதான். உடனே நோட்டை எடுத்துவிட்டேன். ஆமாம், நான்தான் எழுதுகிறேன். யாரிடமும் சொல்லி எழுதவைக்கவில்லை. ஒரு பக்கம் எழுத ஒரு பொழுது ஆகிறது. ஆகட்டும், எனக்கு என்ன அவசரம்.

வாட்ச் எங்கே என்றுதானே கேட்பாய். முந்தாநாள் நம் பேத்தியின் கல்யாணத்தில் மாப்பிள்ளை கையில் கட்டிவிட்டேன்.

உங்கள் வீட்டு வழக்கம் எனக்கு நம் கல்யாணத்தன்றுதான் தெரிந்தது. பெண்ணைப் பெற்றவர் தன் கையில் இருக்கும் வாட்சைக் கழற்றி மாப்பிள்ளைக்குக் கட்டுவார். கட்டியதும் சபை நடுவில், "மணி என்ன மாப்ள?" என்று கேட்பார். மாப்பிள்ளை பார்த்துச் சொல்ல வேண்டும். உன் அப்பாவுக்கும் அவர் மாமனார் அப்படித்தான் கட்டினாராம். எனக்கு எழுத்துத் தெரியாது என்பது உங்கள் வீட்டுக்குத் தெரியும். மணி பார்க்கவும் தெரியாது என்பது ஒருவருக்கும் தெரியாது. உப்பளத்தில் வெயிலையும் மில் சங்கையும் வைத்துப் பொழுது பார்த்தவன் நான். அந்த வாட்சில் எண்களும் கிடையாது, வெறும் கோடுகள். எண் இருந்திருந்தாலும் எனக்கு ஒன்றுதான்.

பந்தல் முழுக்க என் வாயைப் பார்த்தது. நீ குனிந்த தலை நிமிராமல் என் காதோரம் சொன்னாய்: "ஒம்பதே கால்."

"ஒம்பதே கால் மாமா" என்று கத்தினேன். நான் கத்திய கத்தலில் மேளக்காரர்கூடச் சிரித்துவிட்டார்.

அதன்பிறகு ஒரு வருஷம் உன்னை ஏமாற்றுவதாக நினைத்துக்கொண்டு திரிந்தேன். சங்கு ஊதியதும் கையைத் தூக்கிப் பார்த்து, "மணி அஞ்சு" என்பேன். ஒரு நாள் அப்படிச் சொன்னபோது நீ புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாய். தலையைத் தூக்கவே இல்லை.

"உப்புத்தண்ணி போயி வாட்சு முந்தாநாளே நின்னுட்டு. நீங்க மட்டும் எப்படி ஓடுதீய?"

தூக்கிய கையை மெல்ல இறக்கினேன். "எப்ப இருந்து உனக்குத் தெரியும்?" என்றேன்.

"கல்யாணத்தன்னைக்கே. மணி கேட்டா வாட்சப் பாக்கணும். நீங்க என் மூஞ்சியல்லா பாத்தீய."

"நீ சொல்லலேன்னா அன்னைக்கு என் மானம் போயிருக்கும்."

"நான் என்னத்தச் சொன்னேன்? நீங்கதான சொன்னீய."

வாட்சைப் பழுதுபார்க்கக் கொடுத்தோம். அன்றே தட்டைக் கவிழ்த்து, சுற்றிலும் பன்னிரண்டு புளியங்கொட்டை வைத்து, இரண்டு ஈர்க்குச்சிகளைத் திருப்பித் திருப்பி மணி பார்க்கப் பழக்கினாய். "அப்படியே எழுத்தும் படிச்சிருங்க" என்றாய். "மணி தெரிஞ்சாச்சுல்லா, போதும்" என்று எழுந்து போய்விட்டேன். அந்தத் திமிர் நீ இருந்தவரைக்கும் எனக்குப் போகவில்லை.

நமக்கு ஒரே மகன். பெண் இல்லாததால் வாட்ச் என் கையிலேயே தங்கிவிட்டது. பேத்தி பிறந்த அன்று நீ குழந்தையைப் பார்ப்பதற்கு முன்னால் என் கையைத்தான் பார்த்தாய். "அப்பாடா, வாட்சுக்கு ஆளு வந்துட்டு. இவ கல்யாணத்துல நீங்கதான் கட்டணும், மணியும் கேக்கணும்" என்றாய். அதைக் காண நீ இல்லை.

கல்யாணம் நிச்சயமானதும், பத்திரிகையில் உன் பெயரும் வரும் என்றான் மகன். அதை இன்னொருவர் வாசித்து நான் கேட்பதா? பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் நடக்கும் முதியோர் வகுப்பில் போய் உட்கார்ந்தேன். பத்திரிகை வந்த அன்று விரல் வைத்து வாசித்தேன். 'தெய்வத்திருமதி' என்பதைத் தாண்டவே வெகுநேரம் ஆயிற்று. தாண்டியதும் அங்கே நீ இருந்தாய்.

மகனுக்கு இந்த வாட்சைக் கொடுப்பதில் இஷ்டமில்லை. "சாவி குடுக்க வாட்ச இப்ப யாருப்பா கட்டுதா? சிரிப்பாவ. புதுசு ஒண்ணு வாங்கிருவோம்."

"சிரிச்சா சிரிக்கட்டும்லே. இது உங்கம்மா சொன்னது."

மறுநாள் அவனே கடைக்குப் போய்ப் புதுப் பட்டை போட்டுக் கொண்டுவந்தான். பழைய பட்டை என்னிடம் தங்கியது அப்படித்தான்.

மாப்பிள்ளைக்குத் துறைமுகத்துப் பக்கம் ஓர் அலுவலகத்தில் வேலை. நல்ல பையன். கட்டிவிட்டு, சபைக்கே கேட்கும்படி, "மணி என்ன மாப்ள?" என்று கேட்டேன். பையன் வாட்சைப் பார்த்தான். கோடுகளை எண்ணினான். கையைத் திருப்பிப் பார்த்தான். இன்னொரு கை தானாகச் சட்டைப் பைக்குள் செல்போனைத் தேடியது. அது அவன் கூட்டாளியிடம் இருந்தது. வீடியோக்காரர் விளக்கைக் கிட்டத்தில் கொண்டுவந்தார். அவன் பேத்தியின் முகத்தைப் பார்த்தான். அவளும் முழித்தாள்.

அந்த முழி எனக்குத் தெரியாத முழியா? பட்டையைச் சரிசெய்வதுபோலக் குனிந்தேன். "பத்து இருவது" என்றேன், அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

"பத்து இருவது தாத்தா" என்று கத்தினான். நான் அன்று கத்தியதைவிடச் சத்தம் அதிகம். எல்லாரும் கைதட்டினார்கள். "படிச்ச பையன்லா, கோட்டப் பாத்தே சொல்லிட்டாரு" என்று நம் மகன் என்னிடமே வந்து பெருமைப்பட்டான்.

சாப்பாடு முடிந்து கை கழுவுகிற இடத்தில் மாப்பிள்ளை என்னைப் பிடித்துக்கொண்டான். "தாத்தா, நீங்க சொல்லலேன்னா..." என்று தொடங்கினான்.

"நான் என்னத்தச் சொன்னேன்? நீங்கதான சொன்னீய" என்றேன்.

இன்று காலையில் பழக்கத்தில் வெறும் கையைத் தூக்கி மணி பார்த்தேன். பட்டை இருந்த இடம் மட்டும் வெளுத்துக் கிடக்கிறது. நாலு நாள் வெயில் பட்டால் மற்ற இடத்தோடு சேர்ந்துவிடும். வாட்ச் போக வேண்டிய கைக்குப் போய்விட்டது. அந்த ஒன்பதே காலை மட்டும் நான் யார் கையிலும் கட்டிவிடவில்லை. நீ வைத்த இடத்தில், என் காதோரத்தில்தான் இருக்கிறது.