பத்துக்கு எவ்வளவு

மார்ச் 3, திங்கள்

காலையில் டீ டம்ளரைத் தூக்கினேன். கை விட்டுவிட்டது. டீ முழுக்க மடியில். டம்ளர் சூடு என்றேன். "ஆறிப்போன டீயில என்ன சூடு" என்று கேட்டுவிட்டுத் துணியைத் தூக்கிப் போட்டாள் வீட்டுக்காரி. இவளிடம் ஒரு சமாளிப்பும் எடுபடாது.

வலது முழங்கை, வெளிப்பக்கம். ஒரு மாதமாகவே இருக்கிறது. கொத்துக் கரண்டியைப் பிடித்துக் கூரைக்குப் பூச்சு இழுத்தால் கரண்ட் அடித்த மாதிரி சுண்டுகிறது. வேறொருத்தனாக இருந்தால் படுத்திருப்பான். நான் நேற்றுகூட ஒரு முழு அறை பூசினேன். சரி, முக்கால் அறை. மிச்சத்தைக் கூட்டாளி பூசினான், நான் மேற்பார்வை.

வரப்போகிற பெரிய ஹாலின் கூரை எனக்குத்தான் என்று மேஸ்திரி சொல்லியிருக்கிறார். அவ்வளவு அகலக் கூரையை அலை அலையாக மேடுபள்ளம் இல்லாமல் பூச இங்கே இரண்டே பேர். இன்னொருத்தர் செத்துப்போய்விட்டார்.

மார்ச் 5, புதன்

அக்கா மகள் வேலை செய்கிற பிசியோதெரபி இடத்துக்குப் போனேன். படித்து முடித்து இப்போதுதான் சேர்ந்திருக்கிறாள். கொஞ்ச நாள் வேலையைப் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் என்று அங்கே தலைமை டாக்டரம்மா சொல்லியிருக்கிறாராம். சின்ன வயதில் ஓயாமல் பேசுவாள், நான்தான் மைனா என்று பேர் வைத்தேன். அங்கே எல்லோரும் அவளை மேடம் என்கிறார்கள்.

இரண்டு கட்டில், நடுவில் பச்சைத் திரை. சுவரில் தோல் உரித்த மனுஷன் படம். அவனுக்கு என்னைவிடத் தசை கம்மி.

மைனா ஒரு எஃகுத் துண்டை எடுத்தாள். பிறை மாதிரி வளைவு, விளிம்பு வழவழவென்று. முழங்கையில் கிரீம் தடவி அதை லேசாக இழுத்துக்கொண்டே வந்தாள். "எங்க நறநறன்னு தட்டுப்படுதோ அங்கதான் மாமா இறுகியிருக்கு." எனக்குச் சட்டென்று பிடிபட்டது. சுவரில் கரண்டியை இழுத்தால் எங்கே மணல் திரண்டிருக்கிறது என்று கைக்குத் தெரியுமே, அதே சங்கதி. இதைக் கண்டுபிடித்தவன் கண்டிப்பாக ஒரு கொத்தனார்தான் என்று சொன்னேன். திரைக்கு அந்தப் பக்கம் படுத்திருந்தவரும் ஆமாம் என்றார்.

பத்துக்கு எவ்வளவு வலிக்குது என்று கேட்டாள். பூஜ்யம் என்றால் வலியே இல்லை, பத்து என்றால் தாங்க முடியாது. "நீங்க சொல்ற நம்பரை வச்சுத்தான் அழுத்துவேன். நாலைத் தாண்டக் கூடாது, பார்த்துச் சொல்லுங்க."

ஒன்று என்றேன். கண்ணில் தண்ணீர் வந்தது கிரீம் வாசனையால்.

கடைசியில் ஒரு பயிற்சி. தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு மணிக்கட்டை மெதுவாகக் கீழே இறக்க வேண்டும். கருவி சும்மா வழி பண்ணும், குணமாக்குவது இதுதான் என்கிறாள். சிமெண்ட் மூட்டை தூக்கின கைக்குத் தண்ணீர் பாட்டிலாம்.

மார்ச் 6

பாட்டிலைத் தூக்கவில்லை. பார்க்க ஆள் இல்லாமல் எதற்குத் தூக்குவது?

மார்ச் 10, திங்கள்

போகும் வழியில் மருந்துக் கடையில் வலி மாத்திரை இரண்டு வாங்கிப் போட்டுக்கொண்டேன். வலிக்காக இல்லை. முகம் மாறிவிடக் கூடாதே என்று ஒரு முன்ஜாக்கிரதை.

மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா மாமா என்று கேட்டாள். என்னைப் பார்த்தால் மாத்திரையே ஓடிவிடும் என்றேன். சிரித்தாள். பிறகு கருவியை வைத்து, பத்துக்கு எவ்வளவு என்றாள்.

"பூஜ்யம். ஆரம்பிச்சுட்டியா என்ன? உங்கம்மா என் காதைத் திருகினதே இதைவிட ஜாஸ்தி. நல்லா அழுத்து."

அழுத்தினாள். சுவர்ப் படத்தில் தோல் உரிந்து நின்றவனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாயந்திரம் வேலை இடத்தில் கதை சொன்னேன். முதல் ஆளிடம் கருவி விரல் நீளம் இருந்தது. மேஸ்திரியிடம் போய்ச் சேரும்போது முழ நீளம்.

மார்ச் 11, செவ்வாய்

முழங்கையிலிருந்து பாதி கை வரைக்கும் கத்தரிக்காய் நிறம். வீக்கம் வேறு. சட்டைப் பொத்தானை வீட்டுக்காரிதான் போட்டுவிட்டாள்.  

மார்ச் 12, புதன்

கிளம்புங்க என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போனாள் வீட்டுக்காரி. மைனாவைத் தனியாகப் பார்க்கலாம் என்று நினைத்தேன். தலைமை டாக்டரம்மாவே எதிரில் வந்து கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

யார் பண்ணியது என்று கேட்டார். நான்தான் மேடம் என்றாள் மைனா. அவர் வலிக்கலைன்னு சொன்னார் என்றும் சொன்னாள். "இது வலிக்காத கையா?" என்று கேட்டார் டாக்டரம்மா. சத்தம் போடவில்லை. இனிமேல் கருவியைத் தொட வேண்டாம், வேலையில் வைத்துக்கொள்வதா என்று வெள்ளிக்கிழமை பேசலாம் என்றார். மைனா கருவியைத் துடைத்து உறையில் வைத்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

நான் அங்கேதான் நின்றேன். ஒரு வார்த்தை — ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லலை. ஊரெல்லாம் கிழியுற வாய்க்கு அப்ப என்ன ஆச்சு? என்ன மனுஷன்டா நீ?

மார்ச் 13

துவைக்கப் போட்ட சட்டைப் பையில் மாத்திரை அட்டை. டீ பக்கத்தில் கொண்டுவந்து வைத்தாள் வீட்டுக்காரி.

"இதைப் போட்டுக்கிட்டுப் போனா வலி எப்படித் தெரியும்? அந்தப் பொண்ணு வேலை போகப் போகுது. நீங்க பூஜ்யம் பூஜ்யம்னு உக்காந்திருங்க."

டீயை இடது கையால் குடித்தேன்.

மார்ச் 14, வெள்ளி

வழி நெடுக ஒரு பிரமாதமான பேச்சைத் தயார் பண்ணிக்கொண்டு போனேன். டாக்டரம்மா முன்னால் உட்கார்ந்ததும் காணாமல் போய்விட்டது. அட்டையை மேசையில் வைத்தேன்.

"முதல் தடவை பொய் மட்டும் சொன்னேன் மேடம். ரெண்டாவது தடவை பொய்யும் சொன்னேன், இதையும் போட்டுக்கிட்டேன். அவ கேட்டா, நான் இல்லைன்னுட்டேன்."

அட்டையைத் திருப்பிப் படித்தார். இந்த வகை மாத்திரை ரத்தத்தை உறைய விடாது, அதனால்தான் இவ்வளவு கன்றியிருக்கிறது என்றார். எதற்கு மறைத்தீர்கள் என்று கேட்டார்.

"என் தோள்ல ஏறி விளையாடின பிள்ளை மேடம். அது முன்னாடி எப்படி ஐயோன்னு கத்துறது?"

அவர் சிரிக்கவில்லை. மைனாவைக் கூப்பிட்டார். "அவர் வாயைக் கேட்ட, சரி. தோலைப் பார்த்தியா? நிறம் மாறினதும் நிறுத்தியிருக்கணும்." ஆமாம் மேடம், என் தப்புதான் என்றாள் மைனா. வேலையில் இரு, கொஞ்ச நாள் நான் பக்கத்தில் நிற்கும்போது மட்டும் கருவியை எடு என்றார். எனக்கு, கன்றல் போகும்வரை கருவியும் கூடாது, கரண்டியும் கூடாது.

வெளியே வந்ததும் மைனா கேட்டாள், "ஏன் மாமா?" பாட்டிலை ஒரு நாளைக்கு எத்தனை தடவை இறக்கணும் என்று கேட்டேன்.

மார்ச் 17, திங்கள்

மேஸ்திரியிடம் ஹால் கூரை என்னால் முடியாது என்று சொல்லிவிட்டேன். மூன்றாவதாக ஒருத்தன் இருக்கிறானாம். இவ்வளவு நாள் எனக்குத் தெரியாமல் எங்கே இருந்தான் என்று தெரியவில்லை.

மார்ச் 25

பாட்டிலை மெதுவாக இறக்குகிறேன். வீட்டுக்காரி காய் நறுக்கிக்கொண்டே பார்க்கிறாள். ஒரு ஆள் பார்த்தாலும் கூட்டம்தான்.

மார்ச் 29, சனி

ஹால் பக்கம் போய் அண்ணாந்து பார்த்தேன். நன்றாகத்தான் பூசுகிறான். மூலையில் மட்டும் கொஞ்சம் — இல்லை. மூலையும் நன்றாகத்தான் இருக்கிறது.

ஏப்ரல் 2, புதன்

அதே கட்டில். டாக்டரம்மா தலைமாட்டில் நின்றார். மைனா முதலில் கையைத் திருப்பித் தோலைப் பார்த்தாள், பிறகு கருவியை வைத்து இழுத்தாள். அந்த நறநற இன்னும் இருக்கிறது, எனக்கே தெரிந்தது.

"பத்துக்கு எவ்வளவு மாமா?"

பூஜ்யம் நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"அஞ்சு."

கை உடனே லேசானது. "இப்ப?"

"மூணு."

 திரைக்கு அந்தப் பக்கம் யாரோ ஒருத்தர் அங்கே இருந்த நர்ஸிடம், எனக்கு வலிக்கவே இல்லை சிஸ்டர் என்று சொல்லிக்கொண்டிருந்தார். மைனா என்னைப் பார்த்தாள். நான் திரையைப் பார்த்து, "நிஜத்தைச் சொல்லிடுங்க சார்" என்றேன்.

ஏப்ரல் 3

டம்ளரை வலது கையால் தூக்கினேன். சூடா என்று கேட்டாள் வீட்டுக்காரி. சூடுதான், கொஞ்சம் வலிக்கவும் செய்யுது என்றேன். எதிரில் உட்கார்ந்து அவளும் டீ குடித்தாள்.