நேர்முகத்தில் உயிரோடிருக்கும் அப்பாவுக்கு

ஏலத்தில் ஒருவரையும் சும்மா வீட்டுக்குப் போகவிடாத என் செல்ல அப்பா,

உங்களுக்கு ஒரு வணக்கம் வந்திருக்கிறது. நான் இன்னும் போயே பார்க்காத ஒரு வெளிநாட்டு ஊரில் பொருளியல் படிப்பிக்கிற ஒரு பேராசிரியர் சொல்லிவிட்டார். நரைத்த தாடி, நல்ல சிரிப்பு. நேர்முகத் தேர்வு முடிகிற நேரம், "உங்கள் அப்பாவுக்கு எங்கள் வணக்கத்தைச் சொல்லுங்கள்" என்றார். கட்டாயம் சொல்லுகிறேன் என்று நானும் தலையாட்டினேன்.

நீங்கள் போன ஆவணியில் காலமாகிவிட்டீர்கள் என்பது அவருக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை. அப்படி எழுதினால் அதுவும் பாதிப் பொய். நீங்கள் உயிரோடு இருக்கிறீர்கள் என்று வாய்கூசாமல் சொன்னேன். பல பேருக்கு முன்னால் சொன்ன பொய் என்பதால் இந்தக் கடிதத்தையும் பல பேர் வாசிக்கும்படி எழுதுகிறேன். எழுத வெட்கமாக இருக்கிறது, அப்பா.

எங்கள் துறையில் கலாநிதிப் பட்டத்தை முடிக்கப் போகிறவர்கள் எல்லோரும் ஒரே பருவத்தில்தான் வேலை தேடுவார்கள் என்று உங்களுக்குச் சொல்லியிருக்கிறேன். கார்த்திகையில் கண்ட கண்ட பல்கலைக்கழகத்துக்கெல்லாம் விண்ணப்பம் போடவேண்டும். மார்கழி, தையில் கணினித் திரையில் ஒரு சின்ன நேர்முகம். அதில் பிடித்துப்போன ஒருசிலரைத்தான் ஆராய்ச்சியை முழுதாகப் பேசிக் காட்டக் கூப்பிடுவார்கள். இதற்குச் சந்தை என்றே பெயர். நான் அந்தப் பெயரைச் சொன்ன அன்று விழுந்து விழுந்து சிரித்தீர்களே, நினைவிருக்கிறதா? "அப்ப உன்னை ஆர் பிள்ளை ஏலம் கூறுறது? வேணுமெண்டால் நான் வாறன்" என்றீர்கள்.

வந்துதான் விட்டீர்கள். நான்தான் இழுத்துக்கொண்டு போனேன்.

என் ஆராய்ச்சிக் கட்டுரை எதைப் பற்றியது என்று உங்களுக்குத் தெரியும். அயலவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒரு மனிதர் ஏன் ஏலத்தில் ஒரு பொருளுக்கு அதன் பெறுமதியை விடக் கூடுதலாக விலை கேட்கிறார்? இந்தக் கேள்வி எனக்கு நூலகத்தில் வரவில்லை. தெல்லிப்பழையில் எங்கள் தேவாலயத்து அறுவடை விழாவில் வந்தது. ஆராதனை முடிந்ததும், சனம் காணிக்கையாகக் கொண்டுவந்த பூசணிக்காய், வெங்காயப் பிடி, நீர்வேலி வாழைக்குலை, கால் கட்டிய சேவல் எல்லாவற்றையும் மேசையில் பரப்பி நீங்கள் ஏலம் கூறுவீர்கள். தபால் கந்தோரில் நாள் முழுக்க வாய் திறக்காமல் வேலை செய்த மனிதருக்கு அந்த ஒரு நாள் மட்டும் எங்கிருந்துதான் அவ்வளவு குரல் வருமோ.

"டொக்டர், பின்னாலை ஒருக்கால் திரும்பிப் பாருங்கோ. உங்கடை மனுசி முகத்தைத் தூக்கி வைச்சுக்கொண்டிருக்கிறா. ஒரு பூசணிக்காயாலை குடும்பத்தைப் பிரிக்காதேங்கோ!"

சனம் சிரிக்கும். டொக்டர் அந்தச் சிரிப்பில் தான் கேட்ட விலைக்கு மேலே தானே ஒரு விலை கேட்பார். அவரோடு போட்டிக்கு ஒருவரும் நிற்க மாட்டார்கள். தன் விலையைத் தானே ஏற்றுகிற அந்த மனிதரைத்தான் நான் சமன்பாடுகளில் எழுதினேன்.

என் மேற்பார்வையாளர் இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, நேர்முகத்தில் முதல் இரண்டு நிமிடமும் இதுவாகவே இருக்கட்டும் என்றார். சமன்பாடு ஒருவருக்கும் நினைவிருக்காது, உன் அப்பா நினைவிருப்பார் என்றார். எங்கள் பிரிவில் மூன்று பேராசிரியர்கள் அந்நியர் மாதிரி உட்கார்ந்து எங்களை ஒத்திகைக்குக் கேள்வி கேட்பார்கள். அங்கே முதல் தடவை கதையைச் சொல்லி, அவர் ஆவணியில் இறந்துபோனார் என்று முடிக்கப்போய்க் குரல் உடைந்துவிட்டது. ஒருவர் யன்னலைப் பார்த்தார். இன்னொருவர் தண்ணீர் வேண்டுமா என்றார். கட்டுரையைப் பற்றி ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

பிறகு மேற்பார்வையாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அந்த இடத்துக்கு முன்னாலேயே நிறுத்திவிடு, சாவைக் கேட்டபிறகு மனிதருக்கு வேறு கேள்வி வராது என்றார். நல்ல மனுசி. உங்கள் செத்தவீட்டுக்கு ஓடிவர எனக்கு ரிக்கெட் போட்டுத் தந்தவரும் அவர்தான். சாவைச் சொல்லவேண்டாம் என்றுதான் சொன்னார். உயிரோடு இருக்கிறார் என்று சொல்லச் சொல்லவில்லை. அது முழுக்க என் சொந்தச் சரக்கு.

முதல் நேர்முகத்தில் ஒருவர் சிரித்துக்கொண்டே, இன்னமும் உங்கள் அப்பாதான் ஏலம் கூறுகிறாரா என்று கேட்டார். ஓம் என்றேன். ஒரு சொல்லுத்தானே, யாருக்கு என்ன நட்டம்? அடுத்த நேர்முகத்தில் அவர்கள் கேட்காமலே சொன்னேன். அதற்கு அடுத்ததில், நீங்கள் என் கட்டுரையை வாசித்துவிட்டு "எல்லாம் பிழை" என்று சொன்னதாக ஒரு புளுகும் சேர்த்தேன். திரையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். அந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி, சிரிக்க விட்டு, பிறகு தொடரவும் பழகிக்கொண்டேன்.

கண்ணாடிக்கு முன்னால் நின்று உங்களைச் சொல்லிப் பார்ப்பேன். நீளம் கூடிவிட்டது என்று உங்களில் வெட்டிக் குறைப்பேன். ஏலம் முடிந்த அன்று பின்னேரம் தொண்டை கட்டி, கொத்தமல்லித் தண்ணியோடு சுருண்டு படுத்திருப்பீர்களே, அதை வெட்டினேன். அதில் சிரிப்பு இல்லை. இப்போது உங்களை நினைத்தாலே அந்த இரண்டு நிமிடம்தான் முதலில் வருகிறது. அழுகை வருவதில்லை. சொன்ன பொய்யை விட எனக்கு இதுதான் கூடக் கேவலமாக இருக்கிறது.

நீங்கள் இல்லாத முதல் நத்தார்ப் பண்டிகைக்கு அம்மாவைத் தனியே விடக்கூடாது என்று வீட்டுக்கு வந்தேன். மிச்ச நேர்முகங்களை உங்கள் அறையில் இருந்தே செய்தேன். அவர்கள் ஊரில் விடிகிற நேரம் இங்கே பொழுதுபடும். அம்மா ஒரு சத்தமும் போடாமல் குசினிக்குள் அடுப்படியில் இருப்பார். காலமெல்லாம் பள்ளிக்கூடத்தில் இங்கிலிஸ் படிப்பித்த மனுசிக்கு, நடுவில் ஒரு பலகைக் கதவு எம்மாத்திரம் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை? அந்தத் தாடிக்காரப் பேராசிரியருக்கு நான் சொன்னது அவ்வளவும் அம்மாவுக்குக் கேட்டிருக்கிறது. அன்றைக்கு வழமைபோலப் புட்டும் சம்பலும் போட்டுத் தந்தார்.

அடுத்த நாள் காலமை தேங்காய் துருவிக்கொண்டிருந்தவர் தலை நிமிராமல் கேட்டார்.

"பிள்ளை, அப்பா உன்ரை கட்டுரையை எப்ப வாசிச்சவர்?"

"அப்பா வாசிக்கேல்லை, அம்மா."

"எனக்குச் சொல்லாமல் வாசிச்சிட்டாராக்கும் எண்டு நினைச்சன்."

"அது... அவையளுக்குச் சும்மா சொன்னது."

"ஓம்," என்றார் அம்மா. "பிறகு விளங்கினது."

அந்த இரவு முழுக்க, நீங்கள் தனக்குத் தெரியாமல் மகளின் கட்டுரையை வாசித்திருப்பீர்கள் என்று அம்மா நினைத்துச் சந்தோசப்பட்டிருக்கிறார், அப்பா. அதையும் நான் பறித்துவிட்டேன். அடுத்தமுறை உண்மையைச் சொல்லிவிடுகிறேன் அம்மா என்று தொடங்கினேன். அவர் என்னை முடிக்க விடவில்லை.

"இப்ப போய் மாத்திச் சொன்னால் உன்னைப் பொய்க்காரி எண்டல்லோ நினைப்பினம். பேசாமல் இரு. வேலை கிடைக்கட்டும். அப்பா ஒண்டும் குறை நினைக்க மாட்டார்."

சின்ன வயதில் ஒரு பென்சிலுக்காகப் பொய் சொன்ன என்னை முழங்காலில் நிற்கவைத்த அம்மா இவர்தான். நீங்கள்கூட அன்றைக்கு எனக்காகக் கதைக்கப் பயந்தீர்கள். அந்த மனுசியின் வாயால் இப்படி ஒரு வார்த்தை வர நான் வழிபண்ணிவிட்டேன்.

கடைசியில் என்னை முழுப் பேச்சுக்குக் கூப்பிட்டது அந்தத் தாடிக்காரரின் பல்கலைக்கழகம் ஒன்றுதான். மற்றவர்கள் பதிலே போடவில்லை, அல்லது மரியாதையாகக் கைவிரித்தார்கள். இதுவும் போனால் இன்னொரு வருடம் காத்திருக்க வேண்டும், அதற்கு எனக்கு உதவிப்பணம் இல்லை. போதகர் ஞாயிற்றுக்கிழமை என் பெயரைச் சொல்லியே செபித்தார். ஆமென் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அறுவடை விழாவும் அந்த ஞாயிறுதான். இந்த முறை வேறொருவர் ஏலம் கூறினார். பாவம், குறை சொல்லக்கூடாது, ஆனால் பஸ் தரிப்பிடங்களை வாசிக்கிற மாதிரி இருந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. டொக்டர் தானாகவே ஒரு நல்ல விலை கேட்டுப் பூசணிக்காயை எடுத்து, நேரே எங்களிடம் கொண்டுவந்தார். "அவர் இல்லாமல் கேக்க ஒரு மாதிரிக் கிடக்கு, ரீச்சர். இதை நீங்களே வைச்சிருங்கோ," என்றார். என்னைப் பார்த்து, "அப்பாவைப் பற்றித்தானாம் எழுதியிருக்கிறாய். அவரின்ரை பெயரைக் காப்பாத்து பிள்ளை," என்றார். நான் பூசணிக்காயைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்தப் பேச்சும் திரையில்தான். அன்றைக்கு ஆட்கள் ஒவ்வொருவராக வந்துகொண்டிருந்தார்கள். மின்விசிறிச் சத்தம் அங்கே கேட்கிறது என்று சொன்னார்கள். நான் எழும்ப முதலே அம்மா உள்ளே வந்து அதை நிற்பாட்டினார். தாடிக்காரர் கண்டுவிட்டார். உங்கள் அம்மாவா என்று கேட்டு, அம்மாவைக் கிட்ட வரச் சொன்னார். பிறகு மற்றவர்களுக்கும் கேட்கும்படி, "அம்மா, உங்கள் கணவரின் ஏலத்தைப் பற்றித்தான் இங்கே எல்லோரும் கதைக்கிறோம். நாங்களும் ஒருநாள் வந்து பார்க்கவேண்டும்," என்றார்.

நான் அம்மாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லியிருப்பேனோ என்னவோ. அம்மா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு குனிந்து திரைக்குள் பார்த்தார். வகுப்பில் பாடம் சொல்லுகிற அதே திருத்தமான இங்கிலிஸில், "மிகவும் நன்றி. அவர் கேட்டால் சந்தோசப்படுவார்," என்றார். சொல்லிவிட்டுக் கதவை மெல்லச் சாத்திக்கொண்டு போனார்.

நான் பேசினேன். நன்றாகவே பேசினேன், அப்பா. ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. உங்கள் மனைவி எனக்காகப் பொய் சொல்லிவிட்டுக் குசினிக்குள் நின்றபோது, நான் இங்கே சிரிக்கவேண்டிய இடத்தில் சிரிக்கவைத்துக்கொண்டிருந்தேன்.

முடித்துவிட்டு வெளியே வந்தேன். அம்மா விளக்குப் போடாமல் கதிரையில் இருந்தார். காலடியில் போய் இருந்தேன்.

"நானும் பொய் சொல்லிப்போட்டன், என்ன?" என்றார்.

"என்னாலைதானே, அம்மா. என்னை மன்னியுங்கோ."

"அதில்லை." என்றார். "அவர் கேட்டால் சந்தோசப்படுவார் எண்டு சொல்லேக்கை... நல்லாத்தான் இருந்தது, பிள்ளை. அங்காலை அறைக்குள்ளை இருக்கிறார், போய்ச் சொல்லலாம் எண்ட மாதிரி."

அதற்குப் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. அம்மா தலையைத் தடவினார்.

நானும் அந்த ஆசையில்தான் சொன்னேன் என்று இப்போது உங்களுக்கு எழுதிவிடலாம். எழுதினால் நீங்கள் உடனே நம்பிவிடுவீர்கள். என் விசயத்தில் எப்போதும் ஏமாளிதானே நீங்கள். ஆனால் நான் வேலைக்காகத்தான் சொன்னேன். அம்மா ஆசையில் சொன்னார். இரண்டையும் ஒன்றாக்க எனக்கு மனம் வரவில்லை.

முடிவு இன்னும் வரவில்லை. வரமுதல் அவர்களுக்கு உண்மையை எழுதவேண்டும் என்று அன்றைக்கே நினைத்தேன். நாள் போய்க்கொண்டிருக்கிறது. கணினியைத் திறக்கிறேன், மூடுகிறேன். வேலை போய்விடும் என்ற பயம் இருக்கிறது, மறைக்கவில்லை. அது மட்டும்தான் என்றால் எப்போதோ எழுதியிருப்பேன். ஆவணியில் ஒவ்வொருவருக்கும் போன் எடுத்து, அப்பா போயிட்டார் என்று சொன்னவள் நான்தான். கனடாவில் மாமாவுக்கு, கொழும்பில் சித்திக்கு, உங்களோடு வேலை செய்தவர்களுக்கு. எல்லோருக்கும் சொல்லி முடித்தேன். மற்ற நேர்முகக்காரர்கள் உங்களை எப்போதோ மறந்திருப்பார்கள். இந்த உலகத்தில் ஒரே ஒரு ஊரில், ஒரு சில பேருக்கு மட்டும் நீங்கள் இன்னும் இருக்கிறீர்கள். மேசையில் பூசணிக்காயை வைத்துக்கொண்டு டொக்டரைப் பகிடிபண்ணிக்கொண்டிருக்கிறீர்கள். அங்கேயும் நான்தான் போய்ச் சொல்லவேண்டும்.

சொல்லுகிறேன், அப்பா. இதை முடித்தவுடன் எழுதுவேன். அப்பா ஆவணியில் இறந்துவிட்டார், அவர் என் கட்டுரையை வாசிக்கவில்லை, நான் உங்களுக்குப் பொய் சொன்னேன் என்று எழுதுவேன். அம்மா இங்கிலிஸைத் திருத்தித் தருவார். அவர் சொன்ன பொய்யைப் பற்றி ஒரு வரியும் வரக்கூடாது என்று நான் அவருக்குச் சொல்லிவிட்டேன்.

விடியமுதல் அனுப்பிவிடுவேன். அதோடு அந்த ஊரிலும் நீங்கள் செத்துப்போவீர்கள். பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கடை ஒரே பிள்ளை,
சுகிர்தா